மேலவைக் கேள்விக்கு நான் சொன்ன பதில்

விழுப்புரத்தில் சித்தப்பா பேரனுக்குத் திருமணம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் மலேசியாவின் ஈப்போவிலிருந்து புறப்பட்டேன். திருமணம் உண்மைதான், பத்திரிகை மேசை மேல் கிடந்தது. ஆனால் அதே சித்தப்பாவின் மற்ற மூன்று பேரன்களின் திருமணத்துக்கு வாழ்த்து அனுப்பியதோடு சரி, ஆள் வரவில்லை. இந்த முறை நேரில் வந்ததற்குக் காரணம் விழுப்புரத்தில் இல்லை. ஒரு மணி நேரம் தள்ளி, திண்டிவனத்தில் இருந்தது. அங்கே மகேஸ்வரி என்ற பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

எங்கள் மாநிலச் சட்டமன்றச் செயலகத்தில் அவைக்குறிப்பு எழுதும் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். யார் எழுந்தார், என்ன சொன்னார், எத்தனை கை உயர்ந்தது என்று எழுதி எழுதி ஓய்ந்தேன். ஓய்வுக்குப் பிறகு யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை. பிள்ளைகள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் கைபேசியைத்தான் கேட்கிறார்கள், அப்பாவை அல்ல.

அப்படி இருந்தபோதுதான் திண்டிவனத்திலிருந்து குமார் என்பவர் கூப்பிட்டார். நகலெடுக்கும் கடை வைத்திருப்பவர். அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஞாயிறுதோறும் நூலகத்தில் கூடிப் படிக்கிறார்கள். சட்டமன்றம் பற்றி நான் எப்போதோ பத்திரிகையில் எழுதிய கட்டுரையைப் பார்த்தாராம். சந்தேகம் வந்தால் தீர்த்து வைக்க முடியுமா என்று கேட்டார். கைபேசிக் குழுவில் சேர்த்தார்கள். முதல் நாளே எல்லோரும் ஐயா, ஐயா என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு வரிக் கேள்விக்கு நாலு நிமிடக் குரல் பதிவு அனுப்புவேன்.

ஒருநாள் குமார் இந்தக் கேள்வியைப் போட்டார்: ஒரு மாநிலத்தில் சட்ட மேலவையை ஏற்படுத்தவோ நீக்கவோ அதிகாரம் பெற்றது எது? குடியரசுத் தலைவர், ஆளுநர், மாநிலச் சட்டமன்றம், நாடாளுமன்றம் என்று நான்கு விடைகள். மகேஸ்வரி உடனே நாடாளுமன்றம் என்று எழுதினாள். நான் விடவில்லை. ஒரு மாநிலத்தின் அவை அந்த மாநிலத்தின் சொந்த விஷயம், மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்யும் என்று அடித்துச் சொன்னேன். "புக்குல நாடாளுமன்றம்னு போட்டிருக்குங்கய்யா" என்று அவள் தயங்கியபடி பேசி அனுப்பினாள். "புத்தகம் சுருக்கமாச் சொல்லும்மா. நான் உள்ளே உட்கார்ந்து பார்த்தவன்" என்றேன்.

நான் உட்கார்ந்து பார்த்தது எங்கள் ஊர் அவையை. மலேசியாவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாக ஓர் அரசியலமைப்புச் சட்டம் உண்டு. அதைத் திருத்துவது மாநிலச் சட்டமன்றம். எந்த மாநிலத்திலும் மேலவை கிடையாது. இந்தியாவில் மாநிலங்களுக்குத் தனிச் சட்டப் புத்தகம் இல்லை. எல்லாம் ஒரே புத்தகத்துக்குள் அடக்கம். ஆளுநர், அவருக்குக் கீழே ஓர் அவையா, இரண்டு அவைகளா என்பதும் அதற்குள்ளேதான். மூன்றில் இரண்டு பங்கு என்று நான் அரைகுறையாகப் படித்தது சரி. ஆனால் அது வெறும் தீர்மானத்துக்கு. தீர்மானத்தை வைத்துச் சட்டம் செய்வது நாடாளுமன்றம். நான் பாதியைப் படித்துவிட்டு மீதியை என் ஊரிலிருந்து போட்டு நிரப்பிக்கொண்டேன்.

அதே கேள்வி தேர்விலும் வந்தது. மகேஸ்வரி நான் சொன்ன விடையை எழுதினாள். அவள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசியாக வேலைக்கு அழைக்கப்பட்டவருக்கும் அவளுக்கும் ஒரே ஒரு கேள்விதான் வித்தியாசம். குமார்தான் செய்தி அனுப்பினார். அன்றைக்கே விமானச் சீட்டு விசாரித்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் விழுப்புரம் வந்து சேர்ந்தேன். வெயில் எங்கள் ஊர் வெயில் மாதிரி வேர்க்க வைப்பதில்லை, நேராகச் சுட்டுவிடுகிறது. ரயிலடிக்குப் பக்கத்தில் விடுதி. கீழே ஒரு பேக்கரியில் தேநீர் கேட்டேன். எங்கள் ஊரில் தே தாரிக் என்ற ஆற்றிய தேநீர் பெரிய குவளையில் நுரை தள்ள வரும். இங்கே இரண்டு வாயில் தீர்ந்துபோகிற கண்ணாடிக் குவளை. மூன்று வாங்கிக் குடித்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மண்டபத்துக்கு என்னை ஏற்றிச் சென்ற ஆட்டோக்காரர் ஓயாமல் பேசினார். எதிரே போன பேருந்தைக் காட்டி, "பாண்டி வண்டி சார். இங்கேர்ந்து ஒரு மணி நேரம் போனீங்கன்னா வேற சட்டசபை" என்றார்.

"அங்கே உறுப்பினர் எத்தனை பேர்?"

"ஓட்டு போட்டு முப்பது பேரு. அது இல்லாம டெல்லியிலேர்ந்து மூணு பேர அனுப்பி உக்கார வச்சிக்கலாம். எங்க சகல அங்கதான் கீறாரு, சொல்லிச் சொல்லி பேஜாரு பண்ணுவாரு."

எங்கள் ஊர் வாடகை வண்டிக்காரர்கள் பெட்ரோல் விலையையும் கால்பந்தையும் பேசுவார்கள். நியமன உறுப்பினரைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. இத்தனை விவரமான ஆட்களுக்கா நான் பாடம் எடுத்தேன் என்று முதல் நாளே கொஞ்சம் கூசியது.

சனிக்கிழமை திருமணம். மாப்பிள்ளைக்கு என்னை யாரென்று தெரியவில்லை. எனக்கும் அவன் மூன்று வயதில் எடுத்த படம்தான் நினைவு. பந்தியில் பக்கத்து இலையில் இருந்தவர் தன்னைப் பெண் வீட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்றார், உரக்கடை வைத்திருக்கிறார். மலேசியா என்றதும் திரும்பி உட்கார்ந்தார்.

"உங்களாண்ட ராஜா இருக்காராமே?"

"பெரும்பாலான மாநிலங்களில் சுல்தான். சில மாநிலங்களில் ஆளுநர்."

"அப்ப எம்.எல்.ஏ.வும் இருப்பாரா?"

"இருப்பார். சட்டம் போடுவது அவர்கள்தான்."

"ராஜாவ வச்சிக்கினே எம்.எல்.ஏ.வா! பரவால்லியே" என்று சாம்பாரை வாங்கிக்கொண்டார். "எங்களுக்கு ஒரே சபதான் சார். முன்ன மேல்சபையும் இருந்துச்சி. வாத்தியாருங்களுக்குத் தனித் தொகுதி, பட்டம் வாங்கினவங்களுக்குத் தனித் தொகுதி. எங்க பெரியப்பா வாத்தியாரு. ரெண்டுத்துலயும் ஓட்டு போட்டேன்னு சாவற வரைக்கும் பீத்திக்கினு இருந்தாரு."

"அதை யார் எடுத்தது?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"இங்க சட்டசபையில தீர்மானம் போட்டாங்க. டெல்லியில பார்லிமெண்டு எடுத்துச்சி. அப்புறம் திரும்ப வேணும்னு கேட்டாங்க, அங்க சரின்னும் சொன்னாங்க, அதுக்குள்ள இங்க ஆட்சி மாறி வேணாம்னுட்டாங்க. நம்ம கேக்கலாம் சார். குடுக்கறது, எடுக்கறது ரெண்டும் அவங்கதான். பாயசம் சாப்புடுங்க, நல்லா கீது."

உரக்கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. பாயசம் நன்றாகத்தான் இருந்திருக்கும். நான் அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்டிவனத்துக்குப் பேருந்து ஏறினேன். சென்னை வண்டி. திண்டிவனம் போகுமா என்று கேட்டேன், போகும் என்றார் நடத்துநர். போனது. ஆனால் ஊருக்குள் போகவில்லை. புறவழிச்சாலையில் ஓரிடத்தில் நிறுத்தி, "திண்டிவனம் யாரு, ஜல்தி எறங்குங்க" என்றார்.

"பேருந்து நிலையம் போகாதா?"

"இது ஊருக்குள்ள போவாது சார். கேக்கறப்பவே சொல்லணும்ல, உள்ள போவணும்னு."

நான் கேட்டதற்கு அவர் சரியாகத்தான் பதில் சொன்னார். சுற்றிலும் லாரிகள். ஒரு அம்மாள் வேகவைத்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் வழக்கப்படி கச்சான் என்று கேட்டதும் முழித்தார், விரலால் காட்டினேன். "மல்லாட்டயா?" என்று பொட்டலம் கட்டித் தந்தார். உப்பும் சூடும் அளவாக இருந்தன. எங்கள் ஊர்ப் பூங்காவில் விற்கும் கச்சான் இதற்குக் கிட்டே வராது. அதைக் கொறித்தபடியே ஒரு ஷேர் ஆட்டோவில் ஆறு பேரோடு ஒட்டிக்கொண்டு ஊருக்குள் போனேன்.

நூலகத் தாழ்வாரத்தில் குழு உட்கார்ந்திருந்தது. குமார் ஒல்லியான, சிரித்த முகக்காரர். எல்லோரும் எழுந்து நின்றார்கள். போண்டாவும் தேநீரும் வாங்கி வைத்திருந்தார்கள். மகேஸ்வரி சுவரோரம் நின்றிருந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். செஞ்சி சாலையில் வல்லம் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் இருக்கிறாள் என்பதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். குரலை வைத்து நான் உயரமான பெண்ணாக நினைத்திருந்தேன். சின்ன உருவம்.

எப்படிப் படிக்கிறார்கள் என்று குமார் காட்டினார். ஒருவர் கேள்வியைப் படிப்பார். எல்லோரும் ஆளுக்கொரு விடை சொல்லிச் சண்டை போடுவார்கள். சண்டை முற்றும்போது ஒருவர் பள்ளிப் பாடப்புத்தகத்தைத் திறப்பார். அதில் என்ன இருக்கிறதோ அதோடு பேச்சு முடிந்தது.

"எங்களுக்கு ஒரே ரூலுதாங்கய்யா" என்றார் குமார். "ஸ்கூல் புக்குல இருக்கறதுதான் விட. கலெக்டரே வந்து வேற சொன்னாலும் தலையாட்டிட்டு புக்குல இருக்கறதத்தான் எழுதுவோம்."

"அப்படியென்றால் அந்த மேலவைக் கேள்விக்கு?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்க சொன்னதயும் கேட்டுக்கினோம் ஐயா. நல்லா வெளக்கமா இருந்துச்சி. எழுதறப்ப நாடாளுமன்றம்னு எழுதிட்டோம்" என்றார் குமார். "மகேசு மட்டுந்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

எத்தனை மாதங்கள், எத்தனை ஐயாக்கள்! அத்தனையும் மரியாதைக்குச் சொன்னவை. என் பேச்சை நம்பியவள் ஒருத்திதான். அந்தக் கேள்வியில் அவள் மட்டும் தோற்றாள். போண்டா வாயில் இருக்கும்போதே எனக்கு அழுகை முட்டியது. வயதான காலத்தில் இது வேறு.

மதியச் சாப்பாட்டுக்கு அவள் வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்று மகேஸ்வரி ஒரே பிடியாக நின்றாள். செஞ்சி போகும் நகரப் பேருந்தில் ஏறினோம். நிற்க இடமில்லை. பால் கேன், உரமூட்டை, ஒரு சேவல் எல்லாம் எங்களோடு வந்தன. நெரிசல் குறைந்து இடம் கிடைத்ததும், இத்தனை நாள் மனதுக்குள் எழுதி அழித்த மன்னிப்பைச் சொன்னேன்.

"வுடுங்கய்யா" என்றாள். "பேனாவால வட்டத்த அடச்சது நானு. நீங்களா வந்து அடச்சீங்க?"

"நீ சரியாத்தானம்மா சொன்னே. நான்தான் மாற்றினேன்."

"சட்டசபையிலேயே வேல பாத்தவரு, புக்கு எழுதனவங்களவிட உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். ஆயிடுச்சி, போவட்டும்."

நாளையிலிருந்து ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள் என்று அப்போதுதான் சொன்னாள். விடியுமுன் நெடுஞ்சாலையில் கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும், வீடு திரும்ப இருட்டிவிடும். "படிப்பு?" என்றேன். நிறுத்தம் வந்துவிட்டது என்று எழுந்தாள். இறங்கும்போது, "வீட்ல பரீட்ச பேச்சு மட்டும் வேணாங்கய்யா. நல்லா சாப்ட்டுப் போனீங்கன்னா போதும்" என்றாள்.

விருந்தாளியின் முகம் கோணக்கூடாது என்று பெருந்தன்மையாகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது.

சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஓட்டு வீடு. வாசலில் மல்லாட்டைக் கொடியைக் குவித்துக் காய் ஆய்ந்துகொண்டிருந்தார் மாமியார் அஞ்சலை அம்மாள். கணவர் ஏழுமலை கை கழுவிக்கொண்டு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கேப்பைக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு. எனக்காகத் தனியாகச் சோறும் வடித்திருந்தார்கள். களியை மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்று ஏழுமலை செய்து காட்டினார். முதல் உருண்டை தொண்டையில் நின்றுவிட்டது. மூன்றாவதற்குள் பழகிக்கொண்டேன்.

பரீட்சைப் பேச்சை எடுத்தது நானில்லை, அஞ்சலை அம்மாள்தான்.

"அவ நல்லாத்தான் சார் படிச்சா. ஒரே ஒரு கேள்வி தெரியாம பூடுச்சி. தெரியாததுக்கு இன்னா பண்றது? தெரிஞ்சிக்கினு அடுத்த தபா எழுதட்டும். கம்பெனிக்குப் போய்க்கினே ஞாயித்துக்கெழமையில போய் படின்னு சொல்லிட்டேன். வீட்டு வேலய நான் பாத்துக்கறேன்."

இத்தனை நல்ல மனசா என்று நெகிழ்ந்துபோனேன். இவர்களிடம் உண்மையைச் சொன்னால் அவள் மதிப்பு இன்னும் உயருமே என்று தோன்றியது. முப்பது வருடம் மற்றவர்கள் பேசியதை மட்டுமே எழுதியவன், அன்றைக்கு இலைக்கு முன்னால் உட்கார்ந்து ஓர் உரையே நிகழ்த்தினேன். அவளுக்கு அந்த விடை தெரியும், சரியாகத்தான் சொன்னாள், நான்தான் குழப்பி மாற்றி எழுத வைத்தேன், குற்றமெல்லாம் என்னுடையது என்றேன். மகேஸ்வரி குழம்புக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள்.

அஞ்சலை அம்மாள் கையிலிருந்த கரண்டியைச் சட்டியில் வைத்தார். பிறகு மருமகளைப் பார்த்து, "தெரியும்னா ஏன் மாத்தின?" என்றார்.

"ஐயா பெரியவரு... சொன்னாருன்னு."

"நாங்க சொன்னா மட்டும் ஒண்ணுத்தயும் மாத்திக்க மாட்ட."

ஏழுமலை சிரித்தார். நானும் மரியாதைக்குச் சிரித்து வைத்தேன். அஞ்சலை அம்மாள் சிரிக்கவில்லை.

"தெரியாததுன்னு சொன்னியேன்னு நானும் ஊரெல்லாம் அதத்தான் சொல்லிக்கினு இருக்கேன். தெரியலன்னா படிச்சிக்கலாம். தெரிஞ்சத வுட்டுட்டு எவரோ போன்ல சொன்னத எழுதறவளுக்கு இன்னும் படிச்சி இன்னா ஆவப்போவுது?" என்றவர், எனக்குச் சோறு போட்டார். "நீங்க சாப்புடுங்க சார். உங்கள ஒண்ணும் சொல்லல."

ஏழுமலை எழுந்து கை கழுவப் போனார். வெகு நேரம் திரும்பி வரவில்லை. நான் இலையைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தேன். தவறை ஒப்புக்கொண்டு குனிந்து நின்றால் மனது லேசாகும் என்று நினைத்து வந்தவன், அந்த வீட்டின் கோழிக் குழம்பைத் தின்றுவிட்டு அந்த வீட்டையே கெடுத்துவிட்டேனே என்று நொந்துகொண்டேன்.

பேருந்து நிறுத்தம் வரை மகேஸ்வரி கூடவே வந்தாள். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள்.

"ஐயா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"தெரியலன்னு சொல்லித்தான் அத்தையாண்ட அந்த ஞாயித்துக்கெழமைய வாங்கி வச்சிருந்தேன். இனிமே இன்னா சொல்லிக் கேக்கறது?"

"நான் உனக்காகப் பேசலாம்னுதான்..."

"தெரியுங்கய்யா. என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலை. அந்தச் சாலையில் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. என்ன சொல்லியும் அதைத் திரும்ப எடுக்க முடியாது. அவையில் பேசியதைக் குறிப்பிலிருந்து நீக்கச் சொல்லிக் கேட்பார்கள், அதற்கு வழி உண்டு, சாப்பாட்டுக்கு முன் பேசியதற்கு வழியில்லை. பேருந்து வந்தது. கையைக் காட்டி அவளே நிறுத்தினாள். "வெளியூரு ஐயாங்க, திண்டிவனம் மேம்பாலத்தாண்ட பாத்து எறக்கி வுடுங்க" என்று நடத்துநரிடம் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

ஈப்போ திரும்பிய வாரம், ஞாயிறு காலையில் குமார் குழுவில் ஒரு படம் போட்டார். நூலகத் தாழ்வாரம், விரித்த பாய், நடுவில் பாடப்புத்தகங்கள். நான் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பிறகு குமாருக்குத் தனியாக எழுதினேன், மகேஸ்வரி வரவில்லையா என்று.

"வீட்ல அனுப்பலையாம் ஐயா" என்று பதில் வந்தது.